‘ஃபோர்த் விங்’ பாதியில் நிற்கிறது, தொடரலாமா? ரொமான்டஸி படிப்பவர்கள் ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள்

விடுதிவாசி:

வணக்கம். எங்கள் விடுதியில் இப்போது ஒரே புத்தகம்தான் அறை அறையாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’. என் முறை வந்து, நாயகி வயலெட் ஒரு டிராகனோடு பிணையும் இடம் வரை படித்துவிட்டேன். கீழே வைக்கவும் மனம் வரவில்லை; சில வசனங்களைப் படிக்கும்போது பக்கத்தில் யாராவது எட்டிப் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கவும் வேண்டியிருக்கிறது. அடுத்த இரண்டு பாகங்களும் செங்கல் செங்கலாக அலமாரியில் இருக்கின்றன. அவற்றுக்காக செமஸ்டர் விடுமுறையைச் செலவழிக்கலாமா?

நான் இதுவரை படித்த ஃபேன்டசியில் காதல் ஓரமாகத்தான் நிற்கும். இந்த ரொமான்டஸி வகையில் காதல் நடுவில் வந்து உட்கார்ந்ததும் மற்றதெல்லாம் சொதப்பிவிடுகிறதா, இல்லை எனக்குத்தான் பழக்கமில்லையா? வீடியோ போடுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டு அழுகிறார்கள். பிடிக்காததையும் சொல்லும் ஆள் வேண்டும்.

இன்னொன்று. நான் வீட்டுக்குக் கொண்டுபோகும் புத்தகங்களை அம்மாவும் எடுத்துப் படிப்பார். மாத நாவல்களில் ஊறியவர், இப்போது ஆங்கிலத்திலும் மெதுவாகப் படிக்கிறார். அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

கோட்டைச்சுவர்:

நேரம் தண்டம். டிராகன் படம் போட்ட காதல் கதை, அவ்வளவுதான். போர்க் கல்லூரி என்கிறார்கள், யாரும் போர்த்தந்திரம் படிப்பதாகத் தெரியவில்லை. வாரத்துக்கு நாலு மாணவர்கள் செத்தால் அந்த நாட்டில் படைக்கு ஆள் எங்கிருந்து வரும்? மாய விதிகளை ஒழுங்காக யோசித்து எழுதிய ஃபேன்டசி வேண்டுமென்றால் சொல்லுங்கள், பட்டியல் தருகிறேன். அதில் காதல் இருக்காது.

வட்டிக்கணக்கு:

கோட்டைச்சுவர் தம்பி சொல்வதில் பாதி சரி. அந்தக் கல்லூரியின் கணக்கு எனக்கும் உதைத்தது. ஆனால் ‘டிராகன் படம் போட்ட காதல் கதை’ என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இந்த வகைக்கு நான் வைத்திருப்பது ஒரே ஒரு சோதனைதான். மாயத்தை உருவிவிட்டுக் கதையைச் சொல்லிப் பாருங்கள். காதலில் எதுவும் மாறவில்லையென்றால் அந்த மாயம் சீரியல் செட் மாதிரி, பின்னால் அட்டை. மாயம் போனதும் காதலுக்கு வழியே இல்லாமல் போகிறது, அல்லது சிக்கலே இல்லாமல் போகிறது என்றால், அந்த ஆசிரியருக்குத் தொழில் தெரியும்.

‘ஃபோர்த் விங்’ (2023) இந்தச் சோதனையில் தேறிவிடும். வயலெட்டைத் தேர்ந்தெடுக்கும் டேர்ன் என்ற கறுப்பு டிராகனும் நாயகன் ஸேடனுடைய டிராகனும் ஜோடி. அவை நீண்ட நாள் பிரிந்திருக்க முடியாது. ஒன்று போனால் மற்றதற்கும் ஆபத்து, டிராகன் போனால் அதன் மேல் இருப்பவரும் பிழைப்பது கடினம். ஆக, அவள் அம்மா தளபதியாக இருக்கும் படையால் அப்பாவை இழந்த ஒருவன், அந்த அம்மாவின் மகளை உயிரோடு காப்பாற்றியே தீர வேண்டும். இந்த முடிச்சு டிராகன் இல்லாமல் விழாது. அதற்காகவே யாரோஸுக்குப் பாதி மதிப்பெண் கொடுத்துவிடுவேன்.

அப்புறம் வயலெட்டின் உடம்பு. மூட்டுகள் சட்டென்று நழுவும், எலும்பு எளிதில் முறியும். யாரோஸுக்கே எய்லர்ஸ்-டான்லோஸ் என்ற இணைப்புத்திசுக் குறைபாடு உண்டு. தெரிந்த வலியைத்தான் எழுதியிருக்கிறார். காலையில் மூட்டுக்குக் கட்டுப் போடுவது, யாரோடு மோதப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு எதிராளிக்கு விஷம் வைப்பது, சேணம் போட்டு டிராகன் மேல் ஏறுவது பற்றிய தகராறு, இதெல்லாம் எனக்கு ஸேடனைவிடப் பிடித்தது. அந்தப் பையனின் கண்ணையும் தாடையையும் வர்ணிக்கும் பத்திகளைத் தாண்டிப் போங்கள், ஒன்றும் குறையாது. உங்களுக்குக் கூச்சம் தரும் வசனங்கள் எவை என்று ஊகிக்க முடிகிறது. டேர்ன் பேசுகிற இடங்களில் மட்டும் வேகம் குறைத்துப் படியுங்கள். அந்தப் புத்தகத்திலேயே நாக்கு சுத்தமான ஆள் அதுதான்.

இரண்டாம் பாகம் ‘அயர்ன் ஃபிளேம்’ அதே ஆண்டு நவம்பரில் வந்துவிட்டது. அந்த அவசரம் தெரிகிறது. 600 பக்கத்துக்கு மேல் போகும் கதையில் காதலர்களுக்குள் ஒரே சண்டைதான் திரும்பத் திரும்ப: நீ ஏன் என்னிடம் மறைத்தாய், நீ ஏன் சரியான கேள்வியைக் கேட்கவில்லை. மாயம் இங்கே காதலுக்கு ஒரு வேலையும் செய்வதில்லை. ரகசியத்தைச் சொல்லிவிட்டால் தீரக்கூடிய பிரச்சினைக்கு டிராகன் எதற்கு? மூன்றாவதான ‘ஆனிக்ஸ் ஸ்டார்ம்’ 2025 ஜனவரியில் வந்தபோது முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகள் போனதாகச் செய்தி. தீவு தீவாகப் போகும் நடுப்பகுதியில் எத்தனை பேர் தூங்கிப்போனார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. மொத்தம் ஐந்து பாகம் என்பது திட்டம். முதல் பாகத்தை முடியுங்கள், அதன் கடைசித் திருப்பம் உங்களை இழுத்தால் மட்டும் இரண்டாவதைத் தொடுங்கள். விடுமுறை முழுவதையும் கொடுக்காதீர்கள்.

விடுதியில் அடுத்து சாரா ஜே. மாஸ் வரும், வந்தே தீரும். ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்’ 2015-இல் தொடங்கிய வரிசை. (இந்தப் பத்தியில் கதை உடைபடும், வேண்டாதவர்கள் தாண்டிவிடுங்கள்.) முதல் புத்தகம் சுமார். இரண்டாவது புத்தகத்தில் மாஸ் செய்ததுதான் துணிச்சல். முதல் புத்தகத்தின் நாயகன் டாம்லின், காதலிக்காக உருகியவன், அவளைப் பாதுகாக்கிறேன் என்று வீட்டுக்குள் மாயத்தால் அடைத்துவைக்கிறான். ‘உன் நன்மைக்குத்தான்’ என்று சொல்கிறவன் எப்படிச் சிறைக்காவலன் ஆகிறான் என்பதை ஒரு காதல் கதை தன் சொந்த நாயகனை வைத்தே காட்டுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் 2021-இல் வந்த ‘சில்வர் ஃபிளேம்ஸ்’ புத்தகத்தில் என்ன ஆகிறது? அவளை மீட்ட ரீசாண்ட், அவள் கர்ப்பமே அவள் உயிரைக் குடிக்கலாம் என்பதை அவளிடமிருந்து மறைக்கிறான். கூட இருப்பவர்களும் வாயை மூடிக்கொள்கிறார்கள். கடைசியில் கோபத்தில் போட்டு உடைப்பது அவள் அக்கா நெஸ்டா. டாம்லின் செய்தால் கொடுமை, ரீசாண்ட் செய்தால் அன்பா? கதை அவனை அசட்டையாக மன்னித்துவிடுகிறது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பாத்திரம் கழுவினேன்.

அந்த வரிசையில் எனக்கு ஒவ்வாத இன்னொரு விஷயம் ‘மேட்’ என்னும் பிணைப்பு. இவளுக்கு இவன் என்று பிரபஞ்சம் முடிவு செய்துவிட்டதாம். முடிவாகிவிட்டால் அப்புறம் இவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

சரி, இப்போது நான் யாரிடமும் சிபாரிசு செய்யத் தயங்காத புத்தகம்: நவோமி நோவிக்கின் ‘ஸ்பின்னிங் சில்வர்’, 2018. புதுசு இல்லை, ஆனாலும் இதைவிட்டால் எனக்கு ஆறாது. நான் ஒரு வங்கியில் நகைக்கடன் பிரிவில் இருக்கிறேன். அதனால் பாரபட்சம் உண்டு, அதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

மிரியம் ஒரு யூத வட்டிக்காரரின் மகள். அப்பா நல்லவர், வசூலிக்கத் தெரியாதவர். ஊரே அவரிடம் கடன் வாங்கித் தின்கிறது, இவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அம்மா காய்ச்சலில் படுத்ததும் இவள் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் நிற்கிறாள். அந்த முதல் அத்தியாயம் போல வசூலைப் பற்றி எழுதியதை நான் வேறெங்கும் படித்ததில்லை. வாங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டவர்கள் கேட்கும்போது எப்படிப் பேசுவார்கள், ஆட்டைக் காட்டி, பிள்ளையைக் காட்டி, கடைசியில் ‘உங்கள் சாதி இப்படித்தான்’ என்கிற மாதிரி ஒரு பார்வை. நோவிக்கின் அப்பா வழி லிதுவேனிய யூதக் குடும்பம், அது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. வைக்கோலைப் பொன்னாக நூற்ற பெண்ணின் பழைய கதை உண்மையில் கடனைக் கட்டாமல் ஏமாற்றியவர்களின் கதை என்று மிரியம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறாள்.

வெள்ளியைப் பொன்னாக்குவேன் என்று அவள் பெருமையடிப்பது, வாங்கி விற்று லாபம் பார்ப்பதைத்தான். அது பனிக்கால அரசனின் காதில் விழுகிறது. அவன் ஆறு வெள்ளிக் காசு வைக்கிறான், பொன்னாக்கு என்கிறான். அடுத்து அறுபது. அடுத்து அறுநூறு. ஜெயித்தால் கல்யாணம், தோற்றால் உயிர் போகும். அவளை யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவன் மக்களுக்கு நன்றி என்று ஒன்று கிடையாது. எதையும் இனாமாக வாங்க மாட்டார்கள், வாங்கினால் ஈடு கொடுத்தே ஆக வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு அவள் முதலிரவிலேயே பேரம் பேசுகிறாள்: மனைவிக்கு உரியதை நான் கேட்கவில்லை, பதிலுக்கு ஒவ்வோர் இரவும் ஐந்து கேள்விக்கு நீ பதில் சொல்ல வேண்டும். காதல் அந்த ஐந்து கேள்விகளுக்குள்தான் வளர்கிறது, அதுவும் அப்படி ஒன்று வளர்கிறது என்று இரண்டு பேரும் கடைசிவரை ஒத்துக்கொள்ளாமல். கண்ணும் தாடையும் ஓரிடத்தில்கூட இல்லை. ஒருவர் சொன்ன சொல்லுக்கு இன்னொருவர் வைக்கும் மரியாதைதான் முழுக்க. என் சோதனையில் இதற்கு நூற்றுக்கு நூறு. மாயத்தை உருவினால் பேரமே இல்லை, பேரம் இல்லையென்றால் காதலே இல்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். ஆறு பேர் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள், யார் பேசுகிறார்கள் என்று தலைப்பே இருக்காது. ஒவ்வொரு தடவையும் சில வரி தடுமாற வேண்டியிருக்கும். வேலைக்காரப் பெண் வான்டாவின் குரல் மட்டும் உடனே தெரியும்.

மற்றவை வேகமாக. ஹெதர் ஃபாசெட்டின் ‘எமிலி வைல்ட்’ முதல் புத்தகம் (2023) நன்று. 1909-இல் ஒரு கேம்பிரிட்ஜ் பேராசிரியை தேவதைகளைப் பற்றிக் களஆய்வு செய்யப் பனி ஊருக்குப் போகிறாள். முழுக்க நாட்குறிப்பு, அடிக்குறிப்பு வேறு. சக பேராசிரியன் தன்னை விரும்புவது அவள் எழுதும் குறிப்பிலேயே தெரிகிறது, எழுதுகிற அவளுக்கு மட்டும் தெரியவில்லை. மூன்றாம் புத்தகத்தில் காற்று இறங்கிவிட்டது. தாஷா சூரியின் ‘தி ஜாஸ்மின் த்ரோன்’ (2021) நம் துணைக்கண்டத்தின் சாயலில் உருவாக்கிய நாடு. தீயில் இறங்க மறுத்ததற்காகச் சிறைவைக்கப்பட்ட இளவரசிக்கும், தன் மாயசக்தியை மறைத்து வாழும் பணிப்பெண்ணுக்கும் இடையே காதல். ஒருவரையொருவர் முழுதாக நம்ப முடியாதவர்களின் காதல், அதனால் கூர்மை அதிகம். ஆனால் பெயர்கள் மனதில் நிற்கும்வரை பொறுமை வேண்டும். டி. கிங்ஃபிஷரின் ‘பாலடின்’ஸ் கிரேஸ்’ (2020): கும்பிட்ட தெய்வமே செத்துப்போன ஒரு போர்வீரன், ஓய்வில் காலுறை பின்னுகிறான், வாசனைத் தைலம் செய்யும் ஒரு பெண், கொடுமைக்காரப் புருஷனை விட்டு ஓடிவந்தவள். இருவரும் இருபது வயதுப் பிள்ளைகள் இல்லை என்பதே எனக்கு ஆறுதல். ‘நான் இவளுக்குத் தகுதியில்லை’ என்ற புலம்பலை மட்டும் பாதியாகக் குறைத்திருக்கலாம். ட்ராவிஸ் பால்ட்ரீயின் ‘லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்’ (2022) சண்டையை விட்ட ஓர்க் (கதைகளில் வரும் அரக்க இனம்) பெண் காபிக் கடை போடும் கதை. அந்த ஊரில் காபி என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாது என்பது நல்ல நகைச்சுவை. நம் ஊர்க்காரர்களுக்கு அதுவே பெரிய ஃபேன்டசி.

மாயமே வேண்டாம், காதல் மட்டும் போதும் என்றால் எமிலி ஹென்றி. ‘புக் லவர்ஸ்’ (2022) அவருடையதில் முதலிடம். நோரா ஒரு இலக்கிய முகவர், ஊர்ப்பக்கம் போன காதலன் அங்கே எளிமையான பெண்ணைப் பார்த்து மயங்கி, கைவிட்டுவிடும் அந்த நகரத்துக்காரி. வழக்கமான காதல் கதையில் நாலு பக்கத்தில் காணாமல் போகிற பாத்திரத்தை இவர் நாயகியாக்கியிருக்கிறார். அதில் உயிர்நாடி சார்லியோடான காதல் இல்லை, தங்கை லிபியோடான உறவு. 2025-இல் வந்த ‘கிரேட் பிக் பியூட்டிஃபுல் லைஃப்’ கொஞ்சம் ஏமாற்றம். ஒரு மூதாட்டியின் வாழ்க்கை வரலாற்றை எழுத இரண்டு பேர் போட்டியிடுகிறார்கள். மூதாட்டி வரும் பக்கங்களில் தீ இருக்கிறது. போட்டியாளர்கள் காதலிக்கும் பக்கங்களில் நான் மூதாட்டி எப்போது வருவார் என்று காத்திருந்தேன்.

ஏட்டுச்சுவடி:

வட்டிக்கணக்கு அக்காவின் பதிவைச் சேமித்துவைத்துவிட்டேன். ஒரு இடத்தில் மட்டும் முரண்படுகிறேன். அந்த ‘மேட்’ பிணைப்பை வெள்ளைக்காரர்களின் அசட்டுத்தனம் என்று தள்ளிவிட முடியுமா? நான் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். தொல்காப்பியம் களவியலில் தலைவனும் தலைவியும் முதலில் சந்திப்பதே ‘பாலது ஆணையின்’ என்றுதான் வருகிறது. ஊழ் கூட்டிவைக்கிறது, அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். நம் பாட்டிகள் ஏழேழு ஜென்மம் என்றதும் இதுதானே? மாஸ் அதற்கு இறக்கை வைத்திருக்கிறார், அவ்வளவே.

வட்டிக்கணக்கு:

ஐயா, நன்றாகப் பிடித்தீர்கள். ஆனால் அங்கே ஊழ் சந்திக்க வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறதே. அதற்குப் பிறகு ஊர் அலர் தூற்றுகிறது, அம்மா வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிறாள், அவன் பொருள் தேடப் போனவன் கார்காலம் வந்தும் திரும்பவில்லை. இவ்வளவையும் தாங்கலாமா வேண்டாமா என்பதை அவள்தான் முடிவு செய்கிறாள். மாஸ் கதையில் பிணைப்பு ஒதுங்குவதில்லை. யார் தப்பு செய்தாலும் கடைசியில் அது வந்து பஞ்சாயத்து பண்ணிவைத்துவிடுகிறது. எனக்கு எரிச்சல் அதில்தான். ஊழ் வரட்டும், வேலையைச் செய்துவிட்டுப் போகட்டும்.

ஏட்டுச்சுவடி:

ஒதுங்குகிறதா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. தோழி அறத்தொடு நிற்கும், அதாவது காதலை வீட்டாருக்கு வெளிப்படுத்தும் இடங்களை எடுத்துக்கொண்டு வருகிறேன், தனிப் பதிவாகப் பேசுவோம்.

கோட்டைச்சுவர்:

அக்கா, உங்கள் சோதனைப்படி பார்த்தால் ‘லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்’ தேறாதே. ஓர்க்கை எடுத்துவிட்டு ஓய்வுபெற்ற ராணுவக்காரரைப் போட்டாலும் அதே காபிக் கடை, அதே காதல். அப்புறம் ஏன் பட்டியலில்?

வட்டிக்கணக்கு:

தேறாது. சுத்தமாகத் தேறாது. யாருக்கும் பெரிதாக எதுவும் ஆகாது, தீ வைத்தால்கூட ஊரே கூடி வந்து கட்டிக் கொடுத்துவிடும். ஆனால் மார்ச் முடிவுக் கணக்கு நாட்களில் ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தால் எனக்கு வேண்டியது அதுதான். தேறாத புத்தகத்தையும் பிடிக்கலாம் தம்பி, தேறியதென்று பொய் சொல்லாமல் இருந்தால் சரி. ‘ஃபோர்த் விங்’ கல்லூரியில் படைக்கு ஆள் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் வந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

விடுதிவாசி:

எல்லோருக்கும் நன்றி. முதல் பாகத்தை இன்று முடித்துவிடுவேன். அடுத்து ‘ஸ்பின்னிங் சில்வர்’ வாங்குவதாக இருக்கிறேன். அம்மா விஷயத்துக்கு மட்டும் பதில் வரவில்லை. வெளிப்படையான காட்சிகள் எதில் எவ்வளவு என்று சொன்னால் எதை மேசைமேல் வைக்கலாம், எதைப் பைக்குள் வைக்கலாம் என்று முடிவு செய்துகொள்வேன்.

வட்டிக்கணக்கு:

அம்மாவை முதலில் கேளுங்கள். மாத நாவல் வாசகிகள் நீங்கள் நினைப்பதைவிட நிறையப் பார்த்தவர்கள்.

மேசைமேல் வைக்கக்கூடியவை: ‘ஸ்பின்னிங் சில்வர்’, ‘எமிலி வைல்ட்’, ‘லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்’. கடைசியாகச் சொன்னதில் ஒரு முத்தம், முடிந்தது கதை. எமிலி ஹென்றியிலும் கிங்ஃபிஷரிலும் படுக்கையறைக் கதவு திறந்திருக்கும், ஆனால் அதற்குள் அந்த இருவரையும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும், அதனால் உறுத்தாது. ‘ஃபோர்த் விங்’ பின்பாதியில் விரிவாக உண்டு, நீங்கள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை என்று நினைக்கிறேன். மாஸ் இரண்டாவதிலிருந்தே பைக்குள்தான், ‘சில்வர் ஃபிளேம்ஸ்’ பையின் அடியில்.

ஆங்கிலம் மெதுவாகப் படிப்பவர் என்றால் அம்மாவுக்கு ‘ஸ்பின்னிங் சில்வர்’ முதலில் வேண்டாம். அந்த ஆறு குரல் குழப்பிவிடும். ‘புக் லவர்ஸ்’ கொடுங்கள். அக்கா தங்கை கதை, பேச்சு நடையில் ஓடும்.

வாங்கும்போது நடைபாதைக் கள்ளப்பதிப்பைத் தொடாதீர்கள். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் வாங்கிய ‘ஸ்பின்னிங் சில்வர்’ பிரதியில் நடுவில் ஒரு கட்டுப் பக்கங்களே இல்லை, அறுநூறு காசு வரும் இடம் சரியாக அதில் போயிருந்தது. கிண்டிலில் விலை அடிக்கடி இறங்கும், பார்த்துக்கொண்டே இருங்கள். நூலகத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது.